ஏலக்காய்ச் சீட்டும் பிஎல்/பைத்தானும்: விண்டோஸ் மேசைக்கணினியில் ஒரு தரவுத்தள நீட்சிச் சோதனை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்கி விற்கும் ஒரு கடைக்கு நான் கணினி வேலை பார்த்து வருகிறேன். கடையின் கணக்கு முழுவதும் விண்டோஸ் 10 இயங்கும் ஒரே ஒரு மேசைக்கணினியில், போஸ்ட்கிரெஸ் 16 தரவுத்தளத்தில் இருக்கிறது; பில் போடும் இரண்டு மேசைகளும் அதனோடுதான் இணைந்திருக்கின்றன. அந்தத் தரவுத்தளத்துக்குள்ளேயே பைத்தான், பெர்ல் என்ற நிரல்மொழிகளும் ஓடும்படி நீட்சிகளை, அதாவது கூடுதல் துணை நிரல்களை, சேர்த்தபோது நடந்தவற்றையும், அவற்றை நாங்கள் சோதித்த முறையையும் இங்கே எழுதுகிறேன். நீட்சி ஏறிவிட்டதைப் பார்த்துச் சோதனை முடிந்தது என்று நான் சொன்ன நாளுக்கும், அது உண்மையில் முடிந்த நாளுக்கும் இடையில் இரண்டு பறிப்புகள் கடந்துவிட்டன.

தேவை எங்கிருந்து வந்தது

இந்தக் கடைக்கு வரும் காயில் பெரும்பகுதி மலைக்கு மேலிருந்து, அதாவது போடிமெட்டுக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, உடும்பன்சோலை பக்கமிருந்து இறங்குகிறது. தோட்டக்காரர்களில் தமிழ் பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் கலந்திருக்கிறார்கள். மேலே ஸ்டோரில் காயை உலர்த்தி எடை போடுகிறவர் மலையாளத்தில் சீட்டு எழுதுவார். கீழே போடியில் அதே காயைச் சலித்துத் தரம் பிரித்து லாட் போடுகிறவர் தமிழில் எழுதுவார். ஆக, ஒரே ஆள் தரவுத்தளத்தில் இரண்டு பெயராகப் பதிவாகிறார். பல வருடங்களாக இதைக் கணக்குப்பிள்ளை தம் நினைவிலேயே சரிசெய்து வந்தார். அவர் உடல்நலம் சரியில்லாமல் விடுப்பில் இருந்த ஒரு வாரத்தில் ஒரு தோட்டக்காரர் நேரில் வந்து, "ரெண்டு சீட்டும் என்னோடதுதான் முதலாளி, ஒண்ணுக்குத்தான் பணம் வந்திருக்கு" என்று சொன்ன பிறகுதான், பெயர்களை ஒப்பிடும் வேலையைக் கணினியிடம் கொடுக்க வேண்டும் என்று கடைக்காரர் முடிவெடுத்தார்.

பில் மேசைகளில் உள்ள மென்பொருளில் அதைச் செய்யாமல் தரவுத்தளத்துக்குள் செய்ய வேண்டும் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. எந்த மேசையிலிருந்து பெயர் ஏறினாலும் ஒப்பீடு ஒரே விதியின்படி நடக்க வேண்டும். அந்த விதி ஒரே இடத்தில் இருந்தால்தான் அது சாத்தியம். போஸ்ட்கிரெஸின் மூலத் தொகுப்பிலேயே பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் தவிர பிஎல்/டிசிஎல், பிஎல்/பெர்ல், பிஎல்/பைத்தான் ஆகிய மூன்று நிரல்மொழி நீட்சிகள் வருகின்றன. டிசிஎல் எங்களில் யாருக்கும் பழக்கமில்லை என்பதால் அதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டோம்.

நீட்சி ஏறாததும், ஏறியது போலத் தோன்றியதும்

முதல் முயற்சியிலேயே, பிஎல்பைத்தான்3.டிஎல்எல் என்ற கோப்பை (டிஎல்எல் என்பது ஒரு நிரல் ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் துணைக்கோப்பு) ஏற்ற முடியவில்லை, குறிப்பிட்ட தொகுதி கிடைக்கவில்லை என்ற பிழை வந்தது. இந்தப் பிழைச்செய்தி புதியவர்களைத் தவறான இடத்தில் தேட வைக்கும். பெயர் சொல்லப்பட்ட கோப்பு போஸ்ட்கிரெஸின் லிப் கோப்புறையில் பத்திரமாக இருந்தது. உண்மையில் கிடைக்காதது அந்தக் கோப்பு தன் பங்குக்குத் தேடும் இன்னொரு கோப்பு. பிஎல்பைத்தான் நீட்சி எந்தப் பைத்தான் பதிப்போடு சேர்த்துக் கட்டப்பட்டதோ, அந்தப் பதிப்பின் டிஎல்எல் மட்டுமே அதற்கு வேண்டும். புதிய பதிப்பு இருந்தால் பழையதற்கு ஈடாகாது. எங்கள் நீட்சி பைத்தான் 3.11-ஐத் தேடியது. நான் நிறுவியிருந்ததோ 3.12. விஷுவல் ஸ்டுடியோவோடு வரும் டம்ப்பின் கருவியால் அந்த டிஎல்எல் எவற்றைச் சார்ந்திருக்கிறது என்று பார்த்தபோதுதான் இது தெளிவாயிற்று. பிழைச்செய்தியை மறுபடி மறுபடி வாசிப்பதைவிட, சார்புகளின் பட்டியலை ஒரே முறை எடுத்துப் பார்ப்பது மேல் என்பது இந்த இடத்தில் என் உறுதியான கருத்து.

3.12-ஐ நீக்கி 3.11-ஐ நிறுவிய பிறகும் அதே பிழை வந்தது. கட்டளைச் சாளரத்தில் வேர் (where) என்ற தேடல் கட்டளை கொடுத்தால் பைத்தான் டிஎல்எல் கிடைக்கிறது. போஸ்ட்கிரெஸை நானே அந்தச் சாளரத்திலிருந்து பிஜி_சிடிஎல் என்ற அதன் இயக்கு கருவியைக் கொண்டு இயக்கினால் நீட்சி ஏறுகிறது. சர்வீஸாக, அதாவது விண்டோஸ் தானே பின்னணியில் ஓட்டும் நிரலாக, இயக்கினால் மட்டும் ஏறவில்லை. பைத்தான் நிறுவி, வேறு ஒன்றும் சொல்லாவிட்டால், தன்னை நிறுவுகிற பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கோப்புகளை எங்கே தேடுவது என்று விண்டோஸுக்குச் சொல்லும் பாத் மாறியில் சேர்க்கச் சொன்னாலும், அந்தப் பயனருக்கு மட்டும் உரிய பகுதியில்தான் தன் இடத்தை எழுதும். போஸ்ட்கிரெஸ் சர்வீஸ் ஓடுவதோ நெட்வொர்க் சர்வீஸ் என்ற பயனர் கணக்கில். அந்தக் கணக்குக்கு என் பாத் மாறி தெரியாது. தெரிந்தாலும் என் சொந்தக் கோப்புறையைத் திறக்க அதற்கு அனுமதி இல்லை. எல்லாப் பயனர்களுக்கும் என்ற தெரிவோடு பைத்தானை மீண்டும் நிறுவி, கணினி முழுவதற்கும் உரிய பாத் மாறியில் அதன் இடத்தைச் சேர்த்து, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகு நீட்சி ஏறியது.

அன்று மாலையே சோதனை முடிந்தது என்று கடைக்காரரிடம் சொன்னேன். மறுநாள் முதல் பைத்தான் செயற்கூறை (ஃபங்ஷனை) உருவாக்கியவுடன் இணைப்பு அறுந்தது. நீட்சி ஏறுவது வேறு, அதற்குள் பைத்தான் உயிர் பெறுவது வேறு. இந்தப் பதிப்பில் இரண்டாவது, முதல் செயற்கூறு வரும்போதுதான் நடக்கிறது. முந்தைய முயற்சியில் நான் பைத்தான்ஹோம் என்ற மாறியில் 3.12-இன் கோப்புறையை எழுதி வைத்திருந்தேன். அந்தக் கோப்புறை இப்போது இல்லை. பைத்தான் தன் அடிப்படைத் தொகுதிகளைத் தேடிப் போய், எழுத்துக்குறியாக்கத் தொகுதியைக்கூடக் காணாமல், தான் குடியிருந்த பிராசஸையும், அதாவது அந்த இணைப்புக்காக ஓடிய போஸ்ட்கிரெஸ் நிரலையும், சேர்த்து முடித்துக்கொண்டது. மாறியை நீக்கியதும் அது சரியானது. பெர்லுக்கும் இதே வகை டிஎல்எல் பொருத்தம் தேவைப்பட்டது. இதற்குள் வழி தெரிந்துவிட்டதால் அது ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

ஏல நாளன்று நடந்தது

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற பகுதி இதுதான். பெயர்களுக்கு இடையிலான நெருக்கத்தை அளக்க, சி மொழியில் எழுதப்பட்ட பகுதிகளைக் கொண்ட ஒரு பைத்தான் லைப்ரரியைச் சேர்த்து, கடையின் நடப்புத் தரவுத்தளத்திலேயே அதை ஓட்டிப் பார்த்தேன். ஸ்பைசஸ் போர்டின் மின்னேலம் போடியிலும் வண்டன்மேட்டுக்கு அருகிலுள்ள புற்றடியிலும் நடக்கிறது; அன்று போடி ஏலத்துக்குப் போக வேண்டிய லாட்டுகளின் எடை ஏறிக்கொண்டிருந்தது. அந்த லைப்ரரி தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைத் தொட்டது. 0xC0000005 என்ற விதிவிலக்கோடு அந்த பிராசஸ் விழுந்தது என்று பதிவேடு காட்டியது.

ஒரு பிராசஸ் இப்படி விழுந்தால் போஸ்ட்கிரெஸின் தலைமைப் பிராசஸ், பொது நினைவகம் கெட்டுப்போயிருக்கலாம் என்று கருதி மற்ற எல்லா இணைப்புகளையும் முடித்துவிட்டு, மீட்புப் பணியைச் செய்து புதிதாகத் தொடங்கும். அது சரியான ஏற்பாடு. உறுதி செய்யப்பட்ட பதிவுகள் ஒன்றுகூடப் போகவில்லை. ஆனால் இரு மேசைகளிலும் பாதியில் இருந்த பதிவுகள் போயின. கணக்குப்பிள்ளை எழுந்து வந்து, "தம்பி, ரெண்டு மேசையும் ஒரே நேரத்துல நின்னு போச்சு, நீங்க என்னத்தத் தொட்டீங்க?" என்று கேட்டார். நான் தொட்டதைச் சொன்னேன். அவரும் பில் போடும் தங்கையும் தாளில் இருந்த எடைகளை மறுபடி ஏற்றி, நேரத்துக்கு லாட் விவரத்தை அனுப்பிவிட்டார்கள். பிழை லைப்ரரியில் இருந்தாலும், அதைக் கடையின் நடப்புத் தரவுத்தளத்தில் வைத்துச் சோதித்தது என் தவறு. பிஎல்/பைத்தான் நம்பிக்கைக்கு உட்படாத மொழி என்று போஸ்ட்கிரெஸ் வகைப்படுத்தியிருக்கிறது. அதன் பெயரின் கடைசியில் வரும் யு என்ற எழுத்து அதைத்தான் குறிக்கிறது. தலைமைப் பயனர் மட்டுமே அதில் செயற்கூறு எழுத முடியும் என்ற கட்டுப்பாட்டை, நான் அதுவரை பாதுகாப்பு பற்றிய கட்டுப்பாடாக மட்டும் எண்ணியிருந்தேன்.

அதன் பிறகு அதே கணினியில் 5433 என்ற இணைப்பு எண்ணில் (போர்ட்) இன்னொரு தரவுத்தளத் தொகுதியை அமைத்தேன். அதையும் சர்வீஸாகவே, அதே நெட்வொர்க் சர்வீஸ் கணக்கிலேயே பதிவு செய்து, அதன் தரவுக் கோப்புறைக்கு அந்தக் கணக்கின் அனுமதியையும் கொடுத்தேன். என் பயனர் கணக்கில் ஓடும் தொகுதியில் சோதித்தால், முதலில் நேர்ந்தது போலக் கட்டளைச் சாளரத்தில் வெற்றியும் சர்வீஸில் தோல்வியும்தான் கிடைக்கும்.

சோதனையின் வடிவத்தைப் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்கள் தங்கள் நீட்சிகளுக்குப் பயன்படுத்தும் பின்னடைவுச் சோதனையிலிருந்தே எடுத்துக்கொண்டோம்: ஒரு கோப்பில் கேள்விகள், இன்னொரு கோப்பில் வர வேண்டிய விடைகள், மூன்றாவதில் வந்த விடைகள், இரண்டாவதும் மூன்றாவதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். விண்டோஸில் இதற்கும் ஒரு தடை வந்தது. விண்டோஸுடன் வரும் பவர்ஷெல் 5.1-இல் வெளியீட்டை அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால் அது யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் எழுதப்படுகிறது. எதிர்பார்த்த விடைக் கோப்போ யுடிஎஃப்-8. எல்லா வரியும் தவறு என்று ஒப்பீடு சொன்னது. பிஎஸ்க்யூஎல் என்ற போஸ்ட்கிரெஸ் கட்டளைக் கருவியையே நேராகக் கோப்பில் எழுதச் சொல்லி, வாடிக்கையாளர் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்று முன்கூட்டியே வரையறுத்த பிறகு வேறுபாடுகள் உண்மையான வேறுபாடுகளாகக் குறைந்தன.

நம் எழுத்துகளை வைத்துச் சோதித்தபோது

இணையத்தில் கிடைக்கும் சோதனை எடுத்துக்காட்டுகள் ஆங்கில எழுத்துகளில் இருக்கும். அவை அனைத்தும் எங்கள் கணினியில் தேறின. கடையின் சொந்தப் பெயர்களைக் கொடுத்தவுடன்தான் உண்மை நிலை தெரிந்தது.

பெயரிலிருந்து சொற்களைப் பிரிக்கும் ஒரு சிறிய செயற்கூறை இரண்டு மொழியிலும் எழுதியிருந்தோம். சொல்லின் எழுத்துகள் என்று பொருள்படும் ஒரே தேடல் குறியைத்தான் இரண்டிலும் பயன்படுத்தினோம். பெர்ல் 'கோம்பை' என்ற ஊர்ப்பெயரை முழுதாகத் தந்தது. பைத்தானில் தேடலுக்கு உரிய ரீ (re) தொகுதி க, ம, ப என்று மூன்று துண்டாகத் தந்தது. காரணம், ஒருங்குறியில் (யூனிகோடில்) நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து என்ற வகையில் அல்லாமல் குறி என்ற வகையில் வைக்கப்பட்டிருக்கின்றன. பெர்ல் அந்தக் குறிகளையும் சொல்லின் பகுதியாக ஏற்கிறது, பைத்தானின் ரீ ஏற்பதில்லை. துண்டுகளைச் சேர்த்து ஒப்பீட்டுச் சாவி ஆக்கியபோது கேடு பெரிதானது. கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரும் கடற்கரையில் உள்ள கடலூரும் குறிகள் உதிர்ந்த பின் 'கடலர' என்ற ஒரே சாவியாயின. எங்களுக்குக் கூடலூரில் தோட்டக்காரர்களும் கடலூரில் வாங்குகிறவர் ஒருவரும் உண்டு. விற்றவரையும் வாங்கியவரையும் ஒரே ஆளாக்கக்கூடிய ஒரு செயற்கூறு எந்தப் பிழைச்செய்தியும் தராமல் ஓடிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

அடுத்தது ஒரே எழுத்தின் இரண்டு வடிவம். 'கோ' என்பதை ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ஏகாரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தரவுத்தளத்துக்கு இரண்டு வேறு பைட் தொடர்கள். இதை ஒருங்குறி இயல்பாக்கம், அதாவது இத்தகைய வடிவங்களை ஒன்றாக்கும் முறை, தீர்த்துவிடும். பைத்தானில் அதற்குத் தொகுதி இருக்கிறது, போஸ்ட்கிரெஸிலும் 13-ஆம் பதிப்பிலிருந்து அதற்கான செயற்கூறு உள்ளேயே இருக்கிறது.

மலையாளத்தில் இயல்பாக்கம் போதவில்லை. மலையாளத்தின் சில்லெழுத்துகள் (உயிர் சேராத மெய்களுக்கான தனி வடிவங்கள்) ஆறுக்கு 2008-இல் வெளிவந்த ஒருங்குறி 5.1-இல்தான் தனித்தனி இடம் தரப்பட்டது. அதற்கு முன், மெய்யெழுத்து, நம் புள்ளியைப் போன்ற சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என்ற மூன்றையும் தொடராக வைத்துச் சில்லை எழுதினார்கள். பழைய முறைக்கும் புதிய முறைக்கும் சமன்பாடு ஒருங்குறியில் வரையறுக்கப்படவில்லை. ஆகவே இயல்பாக்கம் செய்தாலும் அவை வேறு வேறாகவே நிற்கும். எங்கள் பழைய பட்டியல் பழைய முறையிலும், கைபேசியில் இருந்து வரும் சீட்டுகள் புதிய முறையிலும் இருந்தன. உடும்பன்சோலை, சாந்தன்பாறை, வண்டன்மேடு என்ற மூன்று பெயரிலும் மலையாளத்தில் எழுதும்போது னகரச் சில்லு வருகிறது. மலையில் இருந்து காய் அனுப்புகிறவர்களின் ஊர்களே எங்கள் தரவுத்தளத்தில் இரண்டிரண்டாகப் பிரிந்து கிடந்தன. தமிழ் தெரிந்த நான் மட்டும் இந்தச் சோதனையை எழுதியிருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். சாந்தன்பாறையிலிருந்து சீட்டோடு வரும் ஜீப் ஓட்டுநர் அண்ணன்தான் இரண்டு வரிகளையும் திரையில் பார்த்து, எழுத்து ஒன்றுதான், ஏன் இரண்டாகக் காட்டுகிறது என்று கேட்டார்.

அரைப் பைசா

ஒரு தோட்டக்காரரின் பல லாட்டுகளுக்குச் சராசரி விலை கண்டு கணக்குத் தீர்ப்பது இந்தக் கடையின் வழக்கம். அதனால் விலையில் பைசா வரும். சோதனைக்கு 45.250 கிலோவையும் 2,431.22 ரூபாயையும் எடுத்தோம். பெருக்கினால் 1,10,012.705. தரவுத்தளத்தில் துல்லியமான எண்களுக்கான நியூமெரிக் வகைக்குரிய, எண்ணை முழுமையாக்கும் ரவுண்ட் செயற்கூறு 71 பைசா என்றது. பைத்தான் 70 என்றது. பெர்லும் 70 என்றது. இரண்டு மொழியும் ஒத்துப்போனதால் தரவுத்தளம்தான் தவறு என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அவை ஒத்துப்போன காரணங்கள் வேறு. பிஎல்/பைத்தான் நியூமெரிக் மதிப்பைத் துல்லியம் கெடாமல் டெசிமல் வகையாகவே தருகிறது. அந்த வகை, வேறு சொல்லாவிட்டால், சரிபாதியை இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் முழுமையாக்கும். பிஎல்/பெர்ல் மதிப்பை எழுத்துத் தொடராகத் தர, பெர்ல் அதைத் தோராயமாகச் சேமிக்கும் மிதவைப் புள்ளி எண்ணாகக் கணக்கிட, விடை உண்மையான அரைப் பைசாவுக்கு ஒரு நூலிழை கீழே போய்விட்டது. வேறொரு எடையும் விலையும் கொடுத்திருந்தால் இரண்டும் பிரிந்திருக்கலாம்.

ஒரு பைசாவுக்கு இவ்வளவு பேச்சா என்று யாரும் அந்தக் கடையில் கேட்கவில்லை. மேலே எழுதிய சீட்டுக்கும் கீழே போட்ட பில்லுக்கும் ஒரு பைசா வேறுபட்டால், மலையேறிப் போகும் தோட்டக்காரருக்கு வேறு எதில் எவ்வளவு வேறுபட்டிருக்குமோ என்ற ஐயம் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். பணக் கணக்கு எதையும் நிரல்மொழிச் செயற்கூறுக்குள் விடுவதில்லை, தரவுத்தளத்தின் ரவுண்ட் மட்டுமே கடைசிச் சொல் என்று அன்றே முடிவு செய்தோம்.

கடைசியில் பைத்தானிடம் இருப்பது

சோதனைகள் முடிந்தபோது, எந்த வேலைகளுக்காக இந்த நீட்சிகளைத் தேடினோமோ அவற்றில் பெரும்பகுதிக்கு அவை தேவைப்படவில்லை. தமிழ் இயல்பாக்கம் போஸ்ட்கிரெஸின் சொந்தச் செயற்கூறுக்குப் போயிற்று. ஆறு சில்லுகளின் மாற்றத்தைச் சாதாரண ரீப்ளேஸ் அழைப்புகள் ஆறு செய்துவிடுகின்றன. பெர்ல் நீட்சியை நீக்கிவிட்டோம். விழுந்துபோன அந்த லைப்ரரியும் போயிற்று.

மிஞ்சியது ஒன்றுதான்: மலையாளப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் ஒரே சாவிக்குக் கொண்டுவருவது. மலையாளத்தில் ககர வரிசைக்கு நான்கு எழுத்துகள், தமிழில் ஒன்று. நான்கையும் ஒன்றாக மடக்கினால்தான் இரு பக்கத்துச் சீட்டும் சந்திக்கும். மடக்குவதால் வேறு ஆட்கள் ஒன்றாகிவிடும் வாய்ப்பும் வரும். இந்த அட்டவணை வேலைக்குப் பைத்தான் ஏற்றது. சொல் பிரிக்கும் தேடல் குறியை விட்டுவிட்டு இடைவெளியை மட்டும் வைத்துப் பிரிக்கும்படி அதை மாற்றி எழுதினேன். விண்டோஸில் ஒவ்வொரு இணைப்பும் லைப்ரரிகளைத் தானே புதிதாக ஏற்றிக்கொள்ள வேண்டியிருப்பதாலும், முன்கூட்டி ஏற்றும் அமைப்பு அங்கே நேரத்தைக் குறைக்காது என்பதாலும், பில் மேசைகள் நாள் முழுவதும் ஒரே இணைப்பை வைத்திருக்கும்படி செய்திருக்கிறேன்.

செயற்கூறு இரண்டு பெயர்களைத் தானாக இணைப்பதில்லை. ஒத்திருக்கலாம் என்று தோன்றும் சீட்டுகளை மாலையில் ஒரு பட்டியலாக எடுத்துத் தருகிறது. கணக்குப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தெரிந்தவற்றுக்குச் சரி போடுகிறார், தெரியாதவற்றுக்கு மேலே தொலைபேசியில் கேட்கிறார். பைத்தானுக்கோ போஸ்ட்கிரெஸுக்கோ புதுப்பிப்பு வரும்போதெல்லாம் 5433-இல் உள்ள தொகுதியில் அந்தச் சோதனைக் கோப்பை முதலில் ஓட்டுகிறேன். அதன் முதல் இரண்டு வரிகள் கூடலூர், கடலூர்.